செம்பனைக்குள் குப்பை பொறுக்கப் போனோம்

என் வேலை குப்பை. தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருக்கிறேன். எந்தத் தெருவுக்கு வண்டி வரவில்லை, எந்தச் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று பார்ப்பதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. நாற்பதைத் தாண்டிய பிறகு என்னவோ தோன்றி முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். நகரமும் கிராமமும் தம் மண்ணையும் தண்ணீரையும் கெடுத்துக்கொள்ளாமல் நீடித்து வாழ்வது எப்படி என்பதுதான் பாடம். அதில் மூன்று வாரம் வெளிநாட்டில் தங்கிப் படிக்க வேண்டும். கூடப் படிக்கும் பிள்ளைகள் ஐரோப்பாவைக் கனவு கண்டுகொண்டிருந்தார்கள். கிடைத்தது மலேசியாவில், பேராக் மாநிலத்து ஈப்போ. பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போனது. எனக்குப் பரம சந்தோஷம். மூன்று வேளையும் சோறு கிடைக்கும் என்பது உறுதியாகிவிட்டதே.

எங்களை ஆளுக்கொரு வீட்டில் தங்கவைத்தார்கள். எனக்கு வாய்த்தது ஜெலாப்பாங்கில் லெட்சுமி அக்காவின் அடுக்குமாடி வீடு. அக்கா பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கணவர் லாரி ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். மகள் பினாங்கில் படிக்கிறாள். வாசலில் பெட்டியை வைத்ததும் என் வயதைக் கேட்டார், தன்னைவிடப் பத்து வயது குறைவு என்று தெரிந்ததும் அந்த நிமிடத்திலிருந்து நான் தங்கச்சி ஆகிவிட்டேன்.

காலையில் எழுந்ததும் "பசியாறிட்டியா தங்கச்சி?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பசியாறுவது எந்த வேளையும் நடக்கும். இங்கே அது காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் உரிய சொல். வீட்டு வாசலுக்குக் கீழேயே கடை. தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, வறுத்த கடலை, காரச் சம்பல், எல்லாம் ஒரு பொட்டலத்தில். காலை ஏழு மணிக்கு இவ்வளவு காரமும் எண்ணெயும் உள்ளே போனால் வயிறு என்ன சொல்லுமோ என்று பயந்தேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளும் அதையே கேட்டது.

தேநீரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கேயே குடிப்பதென்றால் குவளையில் தருகிறார்கள். கையோடு எடுத்துப்போவதென்றால் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, ஒரு உறிஞ்சுகுழலைச் செருகிக் கொடுக்கிறார்கள். சாலையில் நடப்பவர்கள் விரலில் ஒரு பை தேநீரைத் தொங்கவிட்டபடி போகிறார்கள். குப்பை உத்தியோகக்காரிக்கு இதைவிட வேதனையான காட்சி கிடையாது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குப்போசியை நீட்டினேன். கடைக்கார அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உள்ளே எவ்வளவு ஊற்றுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை, கடைசியில் விளிம்பு வரை நிரப்பிவிட்டார். அன்று பகுப்பாய்வு வகுப்பு முழுக்க நான் தேநீர் குடித்துக்கொண்டே இருந்தேன்.

முதல் வாரம் நகரம். ஈப்போவைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கின்றன, சிலவற்றைப் பாதி வெட்டி எடுத்துவிட்டார்கள். ஈயம் தோண்டிய பள்ளங்கள் ஏரிகளாகி மீன் வளர்கிறது. சந்தைக் கழிவு எங்கே போகிறது, அடுக்குமாடியில் குப்பைத் தொட்டி ஏன் நிரம்பி வழிகிறது என்று கேட்டுக்கேட்டு எழுதினோம். எங்கள் வேனோட்டி ஆ கியோங் அங்கிள், அறுபதைத் தாண்டிய, தமிழும் பேசத் தெரிந்த ஈப்போ சீனர், மதியமானால் எங்களை அவித்த கோழியும் முளைப்பயறும் விற்கும் கடைக்கு அழைத்துப்போவார். இந்த ஊர்த் தண்ணீரில்தான் முளைப்பயறு இப்படிக் குட்டையாகவும் கொழுகொழுவென்றும் வரும் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்களின் அதே முகம்.

இரண்டாம் வாரம் கிராமம். முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, தோட்டமாக மாறிய ஓர் இடத்துக்குப் போகக் கிளம்பினோம். லெட்சுமி அக்கா பிறந்து வளர்ந்த தோட்டம் அதுதான். செம்பனைக்குள் வழி தவறுவது எவ்வளவு சுலபம் என்பது அன்று தெரிந்தது. எல்லா மண்சாலையும் ஒரே மாதிரி, எல்லாத் திருப்பமும் ஒரே மாதிரி. கைபேசியில் வரைபடம் எங்களைப் பச்சை நிறத்தின் நடுவில் நிறுத்திவிட்டுத் தானும் நின்றுவிட்டது. பழக்குலை ஏற்றிய லாரி ஒன்றைப் பின்தொடர்ந்தால் ஊர் வரும் என்று ஆ கியோங் அங்கிள் முடிவெடுத்தார். லாரி போய்ச் சேர்ந்தது எண்ணெய் ஆலைக்கு. அந்த நாற்றத்தில் இரண்டு பிள்ளைகள் காலையில் சாப்பிட்டதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கிருந்து ஆலைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

தோட்டத்து மேலாளர் என்சிக் ஹலீம் காத்திருந்தார். என்சிக் என்றால் ஐயா மாதிரி. முப்பத்தைந்து வயதிருக்கும், மெல்லப் பேசுகிறவர். பழைய லயங்கள், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள், ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் இடித்துக் கன்று நட்டாகிவிட்டது. மிச்சம் நிற்பது அம்மன் கோயில் மட்டும். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழா அன்று நிறுவனம் கேட்டைத் திறந்துவிடும். ஜெலாப்பாங், பாரிட் புந்தார், ஹுத்தான் மெலிந்தாங் என்று சிதறிப்போன பழைய தோட்டத்துக்காரர்கள் அத்தனை பேரும் அன்று வந்து சேர்வார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு அந்த மண்ணில் உள்ள உரிமை.

அதற்கும் இப்போது ஆபத்து. போன வருடம் திருவிழாக் குப்பை வாய்க்காலை அடைத்து, அடுத்துப் பெய்த மழையில் இளங்கன்றுகள் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றனவாம். என்சிக் ஹலீம் மலாயில் சொன்னதை, ஈப்போவில் எங்களுக்குப் பாடம் நடத்திய உள்ளூர்ப் பேராசிரியர் தமிழில் சொன்னார்: இந்த வருடமும் அப்படி ஆனால் கேட்டைப் பூட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வரும், வந்தால் நான் பூட்டிவிடுவேன், மறுபடி திறக்க என்னால் முடியாது.

கோயில் குழுவின் செயலாளர் வேறு யாருமில்லை, லெட்சுமி அக்காதான். அன்று சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசினார். அந்தத் தோட்டத்தை நினைத்து உருகுகிறவர் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை.

"எனக்கு தோட்டத்து மேல ஆசைலாம் ஒண்ணும் இல்ல தங்கச்சி. அட்டக்கடி, கொசுக்கடி, எப்படா வெளிய போவோம்னு இருந்துச்சு. போய்ட்டோம். ஆனா போன எடத்துல யாரு எந்த ஃப்ளாட்டுல இருக்கான்னே தெரியல. வருசத்துக்கு ஒரு நாள் கோயில்ல வச்சுப் பாக்குறோம். அதுவும் போச்சுனா சாவு வீட்டுலதான் பாக்கணும்லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆளுக்கொரு சிறிய, நிஜமான பிரச்சினையை எடுத்துச் செய்துபாருங்கள் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். நான் திருவிழாக் குப்பையைப் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். பேராசிரியர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர், "பாத்துச் செய்யுங்கோ, அவையளுக்கு இது விளையாட்டில்லை" என்று மட்டும் சொன்னார். எனக்கும் விளையாட்டில்லை. எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவை எத்தனை வருடம் பார்த்தவள் நான்.

அடுத்த சில நாள்கள் நான் பம்பரமாகச் சுழன்றேன். சாப்பாட்டுக்குப் பிளாஸ்டிக் தட்டு கூடாது, வாழையிலைதான் என்றேன். செம்பனைக் காட்டில் வாழை ஏது? ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் வியாபாரம் பார்க்கும் ஒரு அண்ணன் தன் ஆட்களை வைத்து இலை அறுத்துத் தர ஒப்புக்கொண்டார். மூன்று நிறத்தில் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் எதைப் போடலாம் என்று தமிழிலும் மலாயிலும் படத்தோடு எழுதி ஒட்டினோம். அக்காவின் அடுக்குமாடியில் என்னைக் குப்பை இன்ஸ்பெக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஊரில் அதே பெயரைக் கேட்டால் எரிச்சல் வரும், இங்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திருவிழா அந்த வார ஞாயிற்றுக்கிழமை. காலையில் கேட்டிலிருந்து கோயில் வரை மண்சாலையின் இருபுறமும் வெளிர்மஞ்சள் பூக்கள் வரிசையாகப் பூத்திருந்தன, நான் வேனை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டேன். கார்கள் வந்தபடி இருந்தன. இறங்கியதும் சாமி கும்பிடப் போவதற்கு முன் ஒருவரை ஒருவர் தேடிப் போகிறார்கள். "மச்சான், என்னா இவ்ளோ எளைச்சிட்ட" என்று ஒருவர். "சுகர்லா" என்று மற்றவர். ஈப்போவில் வழக்கறிஞராக இருக்கும் ஒருவரை ஒரு அம்மா காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார், அவர் குனிந்து வசதியாகக் காதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

என் திட்டத்துக்கு முதல் அடி பத்து மணிக்கு விழுந்தது. பாரிட் புந்தாரிலிருந்து வந்த ஒரு பெண், மகன் பிழைத்து எழுந்ததற்கு நேர்த்திக்கடனாக, பெட்டி பெட்டியாகப் பானப் பொட்டலங்களை இறக்கினார். காகிதப் பெட்டி, பிளாஸ்டிக் உறை, அதற்குள் உறிஞ்சுகுழல், அதற்கும் ஓர் உறை. நான் கூடாது என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. வேண்டுதலை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அக்கா வந்து இரண்டு பேரையும் பார்த்தார். பாயசத்துக்கு வைத்திருந்த பெரிய அண்டாவை எடுத்துவரச் சொல்லி, பொட்டலங்களை எல்லாம் அந்தப் பெண்ணின் கையாலேயே வெட்டி ஊற்றவைத்தார். குவளையில் மொண்டு கொடுத்தபோது பானம் இன்னும் சுலபமாகத் தீர்ந்தது, அந்தப் பெண்ணும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கொடுத்தார்.

மதியச் சாப்பாடு அமர்க்களம். சோறு, சாம்பார், கத்தரிக்காய்ப் பிரட்டல், மாங்காய்ப் பச்சடி, பொரித்த பாகற்காய், அப்பளம், பாயசம். நம் ஊர்ச் சாம்பாரைவிட இங்கே கொஞ்சம் இனிப்பு குறைவு, கறிவேப்பிலை தாராளம். சாப்பிட்டவர்கள் எழுந்துபோய்த் தொட்டியின் படத்தைப் பார்த்து, தமக்குள் விவாதித்து, சரியான தொட்டியில் போட்டார்கள். மூன்று மணி வாக்கில் நான் அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அக்காவும் உயர்த்தினார். இரண்டு பேருக்கும் வெற்றிக் களிப்பு.

நான்கு மணிக்கு மழை வந்தது. எங்கள் ஊரில் மழை வருவதற்கு முன் தகவல் சொல்லும். பேராக்கில் மழை நேராக வந்துவிடுகிறது. முதலில் காற்று கூடாரத்தைப் பிடுங்கியது. அடுத்து என் மூன்று நிறத் தொட்டிகள் வரிசையாகக் குப்புற விழுந்தன. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் இலை, காகிதம், உறிஞ்சுகுழல், எல்லாம் கலந்து மண்சாலையில் இறங்கி வாய்க்காலுக்குள் போனது. நான் நனைந்துகொண்டே ஒரு தொட்டியைத் துரத்தினேன். அது உருண்டு செம்பனைக்குள் போய்விட்டது.

அரை மணியில் மழை விட்டது. ஆனால் ஜனங்கள் கார்களுக்குள் ஏறியிருந்தார்கள். நனைந்த பிள்ளைகள், வயதானவர்கள், மறுநாள் வேலை. இரண்டு கார்கள் கிளம்பிவிட்டன. நான் வாய்க்காலைப் பார்த்தபடி நின்றேன். என் ஊரில் திருவிழா முடிந்தால் மக்கள் வீட்டுக்குப் போவார்கள், என் ஆட்கள் வருவார்கள். துடைப்பமும் தள்ளுவண்டியுமாக வரும் அந்தப் பெண்களை நம்பித்தான் அத்தனை வருடமும் நான் திட்டம் போட்டிருக்கிறேன். இங்கே வருவதற்கு யாருமில்லை.

லெட்சுமி அக்கா கார்களை நோக்கி ஓடினார். யாரையோ தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, பாதியில் திரும்பிக் கோயிலுக்குள் போனார். காலையிலிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

"பெரட்டு! எல்லாம் பெரட்டுக்கு வாங்க! மேட்டு லயம் இந்தப் பக்கம், ஆத்து லயம் அந்தப் பக்கம்!"

கேட் பக்கம் போன கார்கள் நின்றன. கதவுகள் திறந்தன. வழக்கறிஞர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்கு அவசரமாக விளக்கினார். ரப்பர் தோட்டத்தில் விடியலில் எல்லாரும் வரிசையாக நின்று பெயர் கொடுப்பதற்குப் பெயர் பெரட்டு. அதன் பிறகு ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு மரவரிசை, பிரித்துக் கொடுப்பார்கள். உன் நிரை உன் பொறுப்பு, அடுத்தவன் நிரையில் நீ போகக் கூடாது. சொல்லி முடிப்பதற்குள் அவரும் ஓடிப்போய் மேட்டு லயத்து வரிசையில் நின்றுகொண்டார்.

அக்கா வரிசையின் முன்னால் நடந்து நிரை பிரித்தார். வாய்க்கால் ஓரம் ஆத்து லயம், சாலை ஓரம் மேட்டு லயம். பால்மரம் என்ற ரப்பர் மரம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை, அவ்வளவுதான் வித்தியாசம். கூடவந்த மருமகள்கள், பேரப்பிள்ளைகள், எந்த லயம் என்று தெரியாமல் முழித்தவர்களையும் இழுத்து நிறுத்தினார். எனக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் சாலையோரத்தில் ஆளுக்கொரு நிரை.

பையைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர்கள் நிமிரவே இல்லை. பேச்சு மட்டும் நிரைக்கு நிரை தாவிக்கொண்டிருந்தது. யார் மகளுக்குக் கல்யாணம், யார் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை, எல்லாம் குனிந்தபடியே. சிலர் வாய்க்காலுக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் துழாவினார்கள். குப்பை தீர்ந்த பிறகும் கைகள் நிற்கவில்லை. சாலையோரம் மண்டியிருந்த செடிகளையும் வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, ஓரமாக அடுக்கிக்கொண்டே போனார்கள். நானும் பார்த்துப் பார்த்துப் பிடுங்கினேன். இருட்டுவதற்குள் அந்த இடம் கழுவி விட்டது போல் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சேற்றுக் கையால் துடைத்ததில் முகமெல்லாம் மண்.

மறுநாள் காலை என்சிக் ஹலீம் பார்வையிட வருவதாக ஏற்பாடு. அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நீயே போய்ப் பார்த்துவிட்டு நல்ல செய்தி சொல் என்று என்னை அனுப்பினார். ஆ கியோங் அங்கிள் ஓட்ட, வழி தவறாமல் போய்ச் சேர்ந்தோம்.

என்சிக் ஹலீம் வாய்க்காலைக் கடைசிவரை நடந்து பார்த்தார். தலையை ஆட்டினார். எனக்குக் கால் தரையில் பாவாத சந்தோஷம். அப்புறம் சாலையோரம் வந்தார். நின்றார். அங்கே அடுக்கி வைத்திருந்த செடிக் குவியலைப் பார்த்தார்.

ஆ கியோங் அங்கிள் சங்கடத்தோடு மொழிபெயர்த்தார். அவை களைகள் இல்லை. என்சிக் ஹலீம் தாமே பதியன் போட்டு வளர்த்து நட்டவை. செம்பனை இலையைத் தின்னும் கூடு சுமக்கும் புழுக்களைக் கொல்லும் சிறு குளவிகள் அந்தப் பூவின் தேனைக் குடித்துத்தான் வாழ்கின்றன. அந்தச் செடி இருந்தால் மருந்து தெளிக்க வேண்டாம். காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும் பூ. நான் படமெடுத்த அதே பூ. மாலையில் பார்த்தபோது வெறும் இலைதான் தெரிந்தது. ரப்பர் தோட்டத்தில் மரத்தடியில் ஒரு புல்கூட இல்லாமல் சுரண்டி வைப்பதுதான் வேலை சுத்தம். அந்தக் கைகளுக்கு வேறென்ன தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் நான். மண்ணை மூடி வைப்பது எப்படி என்று பாடம் படிக்க வந்தவளும் நான்தான்.

மழைதான் அரித்துக்கொண்டு போனது என்று சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். குவியலைப் பார்த்தேன். வேர்களெல்லாம் ஒரே பக்கம் பார்க்க, ஒரே உயரத்தில், அவ்வளவு அழகாக அடுக்கியிருந்தார்கள். எந்த மழை அப்படி அடுக்கும்?

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பின்னால் இயந்திரச் சத்தம். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, அவரிடம் கொடு என்றார். மலாயில் இரண்டு பேரும் பேசினார்கள். என்சிக் ஹலீம் முகத்தில் கோபம் இருந்தது, குரலில் இல்லை. கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: பிடுங்கியவர்கள் வந்து நடட்டும், கேட்டைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

அந்த வாரம் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திருவிழாவுக்கு வருவார்கள், சாமி இருக்கிறது, சோறு இருக்கிறது. செடி நடுவதற்கு யார் வருவார்கள்? பாரிட் புந்தாரிலிருந்தும் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்தும் கிடைக்கிற ஒரு ஓய்வு நாளை விட்டுவிட்டு வருவார்களா? வேலை முடிந்து வந்ததும் கைபேசியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பாதிப் பேர் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இங்கேயும் அதே அர்த்தம்தான் என்று அக்காவின் முகம் சொன்னது. நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன், அதுவும் ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட் திறந்திருந்தது. அக்காவும் நானும் எங்கள் பிள்ளைகளும் என்சிக் ஹலீம் தந்த நாற்றுப் பைகளோடு நின்றோம். முதலில் நான்கே கார்கள். அக்கா சாலையையே பார்த்தார். பிறகு ஒரு வேன், ஹுத்தான் மெலிந்தாங் மீன் நாற்றத்தோடு. பின்னால் வரிசையாகக் கார்கள். திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஆனால் பல வருடமாகத் திருவிழாவுக்கே வராத சிலர் வந்திருந்தார்கள். மேலாளர் ஆசையாக வளர்த்த பூச்செடியை மொத்தத் தோட்டமும் சேர்ந்து பிடுங்கிய கதை வாட்ஸப்பில் பரவி, சிரித்துச் சிரித்து வயிறு வலித்து, நேரில் பார்க்கவே வந்தார்களாம்.

அக்கா ஒலிபெருக்கி இல்லாமலே பெரட்டுக்குக் கூப்பிட்டார். வரிசை நின்றது. நிரை பிரித்துக்கொண்டே வந்தவர் ஓரமாக நின்ற என்சிக் ஹலீம் முன்னால் வந்து நின்று, மலாயில் ஏதோ சொன்னார். வரிசை முழுக்கச் சிரிப்பு. ஆ கியோங் அங்கிள் எனக்குச் சொன்னார், உங்களுக்கு அந்தக் கடைசி நிரை என்று சொல்லியிருக்கிறார். என்சிக் ஹலீம் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு கை நாற்றுகளை எடுத்துக்கொண்டு போனார்.

மதியத்துக்குள் நட்டு முடித்தோம். என்சிக் ஹலீம் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, இவற்றைச் சில மாதத்துக்கு ஒருமுறை கத்தரித்து, செத்த இடத்தில் புதிதாக நட வேண்டும், அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை என்று சலித்துக்கொண்டார். அக்கா அந்த நொடிக்காகவே காத்திருந்தவர் போல, ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னார், மலாயில் ஒருமுறை, எங்களுக்குக் கேட்க வேண்டும் என்று தமிழில் ஒருமுறை.

"கேட்ட தொறந்து வைங்க என்சிக். மூணு மாசத்துக்கு ஒருக்கா நாங்க வாரோம்."

என்சிக் ஹலீம் அவரைப் பார்த்தார், நட்ட வரிசைகளைப் பார்த்தார், சேறாகிப்போன தன் கைகளைப் பார்த்தார். தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு, சரி என்றார்.

திரும்பும்போது நான் அக்காவின் காரில் ஏறிக்கொண்டேன். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் அக்கா வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். நான் முதுகில் கைவைத்தேன். சற்று நேரம் கழித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எங்களைத் தாண்டிப்போன கார்களிலிருந்து கைகள் அசைந்தன, அக்காவும் அசைத்தார்.

"வருசத்துக்கு ஒருக்கா பாத்தா பாசமா இருக்கலாம் தங்கச்சி," என்றார். "இனிமே நாலு தடவ. சண்ட வந்துருமே."

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஈப்போ வந்து சேரும்வரை, யாரும் யாரோடும் முகம் திருப்பாமல் இருக்க வேண்டுமானால் அடுத்த பெரட்டில் யாரை யார் பக்கத்து நிரையில் விடக் கூடாது என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார்.